தூரத்தில் ஒரு தீ: ஹார்லெமிலிருந்து வாஷிங்டன் வரை

முதல் நாள், வியாழன். நியூயார்க்

135-ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தபோது காலை பத்து மணி. அக்டோபர் கடைசி. வெயில் அடிக்கிறது, ஆனால் உடம்பில் உறைக்கவில்லை. லெனாக்ஸ் அவென்யூவின் ஒரு பக்கம் கறுப்பின வரலாற்றுக்கான ஷாம்பர்க் ஆய்வு மையம், எதிர்ப்பக்கம் ஹார்லெம் மருத்துவமனை. இது என் முதல் வெளிநாட்டுப் பயணம்.

31 வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். மே மாதம் ஓய்வு பெற்றேன். அக்கா மகள் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் இருக்கிறாள். "இனிமேலாவது வாங்க சித்தி" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: வாஷிங்டனில் இருக்கும் ஓர் ஓவியத்தை எனக்குக் காட்ட வேண்டும். கறுப்பின அமெரிக்க ஓவியர் நார்மன் லூயிஸ் 1962-இல் வரைந்தது. பெயர் 'ஈவினிங் ராண்டேவூ', அதாவது மாலைச் சந்திப்பு. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கலைப் பத்திரிகையில் உள்ளங்கை அளவுக்கு அதன் படத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது. அதைப் பார்க்கும் முன் அவர் பிறந்து வளர்ந்த தெருக்களில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் முதலில் நியூயார்க் வந்து, க்வீன்ஸில் இருக்கும் கல்லூரித் தோழி வீட்டில் தங்கியிருக்கிறேன்.

லூயிஸ் 1909-இல் இங்கே, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் பிறந்தார். பெற்றோர் பெர்முடா தீவிலிருந்து வந்தவர்கள். இளம் வயதில் சரக்குக் கப்பலில் வேலை செய்து தென் அமெரிக்கா, கரீபியன் பக்கமெல்லாம் போய்வந்தார். திரும்பி வந்து துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் இருந்த காலத்தில்தான் சிற்பி அகஸ்டா சாவேஜின் பட்டறை அவருக்கு அறிமுகமானது. ஹார்லெம் பிள்ளைகள் பலருக்குக் களிமண்ணையும் வண்ணத்தையும் கையில் கொடுத்தவர் அந்த அம்மையார். மற்றபடி லூயிஸ் பெரும்பாலும் தானாகக் கற்றுக்கொண்டவர்தான்.

மருத்துவமனையின் தெருப்பக்கக் கண்ணாடி முகப்பு முழுக்க ஒரு பழைய சுவரோவியத்தைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். நடைபாதையில் நின்றாலே அண்ணாந்து பார்க்கலாம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசாங்கமே ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து இந்த மருத்துவமனைக்குச் சுவரோவியங்கள் வரையச் சொன்னது. வரைந்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஆல்ஸ்டன், லூயிஸின் நண்பர். 141-ஆம் தெருவில் 306-ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஆல்ஸ்டனின் பட்டறையில்தான் ஹார்லெம் ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடுவார்கள். லூயிஸும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1936-இல் சுவரோவியங்களின் முன்வரைவுகளைப் பார்த்த அன்றைய நிர்வாகம், அவற்றில் சிலவற்றில் கறுப்பர் விஷயம் அதிகமாக இருக்கிறது என்று நிராகரித்தது. ஹார்லெமில், கறுப்பின மக்கள் வந்து படுக்கும் ஆஸ்பத்திரியில்! ஓவியர்கள் விடவில்லை, போராடினார்கள். அதனால்தான் இன்று இவை இங்கே இருக்கின்றன.

அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கறுப்பர்களை வரையாதே என்றார்கள் அன்று. லூயிஸ் பிற்பாடு, உருவங்களை அப்படியே காட்டாத அரூப ஓவியத்துக்குப் போனபோது கேள்வி நேர்மாறாக வந்தது: நீ கறுப்பன்தானே, ஏன் கறுப்பர்களை வரையவில்லை? இரண்டு பக்கமும் இப்படி இழுத்தால் ஒரு மனிதர் எங்கே நின்று வரைவது? இந்தக் கேள்வியோடுதான் க்வீன்ஸுக்கு ரயில் ஏறினேன்.

இரண்டாம் நாள், வெள்ளி. பேருந்தில்

வாஷிங்டனுக்கு நாலரை மணி நேரம் என்றார்கள். பேருந்து கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதம். நடைபாதையில் பெட்டியோடு நின்று கால் கடுத்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் இலைகள் மஞ்சளும் துருநிறமுமாக மாறியிருந்தன. சில மரங்கள் உச்சியில் மட்டும் சிவந்திருந்தன. பால்டிமோர் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. மகள் நிலையத்துக்கே வந்து காத்திருந்தாள். வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். வேறென்ன வேண்டும்.

மூன்றாம் நாள், சனி. வாஷிங்டன்

ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் பதினொன்றரைக்குத்தான் திறக்கிறது. அனுமதி இலவசம். கட்டடமே ஒரு வரலாறு. 1836-இல் காப்புரிமை அலுவலகத்துக்காகக் கட்டத் தொடங்கியது. பருத்த கல் தூண்கள், கிரேக்கக் கோயில் மாதிரி முகப்பு. உள்நாட்டுப் போரின்போது இங்கே காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்க வைத்திருந்தார்கள். 1865-இல் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது விருந்து நடந்ததும் இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான். அடுத்த மாதமே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மகள் முன்னால் நடந்தாள். ஓர் அறையைக் கடந்து திரும்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடம் உள்ளங்கை அளவில் பார்த்தது இப்போது எதிரே, அகலத்தில் என் இரண்டு கைகளையும் விரித்த அளவுக்கு இருந்தது. 163 சென்டிமீட்டர் அகலம், 128 சென்டிமீட்டர் உயரம். எண்ணெய் வண்ணம், லினன் துணி.

முதல் பார்வைக்கு அது எத்தனை அழகு! இருட்டு இறங்கிய, புகைமூட்டமான வெளி. அதற்குள் சின்னச் சின்னத் தீற்றல்களாக வெள்ளை. ஊடே சிவப்பு. நீலம் கசிந்து பரவியிருக்கிறது. மகள் பின்னாலிருந்து, "ஏதோ திருவிழா மாதிரி இருக்கு சித்தி. வாணவேடிக்கையா?" என்றாள்.

அப்படித்தான் தோன்றும். எனக்கும் அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் அமெரிக்கக் கொடியின் நிறங்கள். தேசிய நாள் கொண்டாட்டம் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பக்கத்திலிருந்த குறிப்பை அவள் படித்தாள். படித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றாள். அந்த வெள்ளை, கறுப்பர்களைத் தாக்கிக் கொன்ற வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானின் முக்காடு போட்ட ஆட்கள். சிவப்பு, அவர்கள் மூட்டிய தீ. நீலம், புகை.

நான் கிட்டே போனேன், காவலர் முகம் சுளிக்காத தூரம் வரை. வெள்ளைத் தீற்றல் ஒவ்வொன்றும் பிரஷ்ஷை ஒரே தடவை வைத்து எடுத்தது. திருத்தம் கிடையாது. சில தனியாக நிற்கின்றன, சில ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. முகம் இல்லை, கை கால் இல்லை. ஆனால் நிற்பவர்கள் மனிதர்கள்தான். அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கிராமத்தில் தேர் பார்க்க மேட்டில் ஏறி நின்றால் கீழே கூட்டம் எப்படித் தெரியும்? தலைகள் தெரியாது, ஓர் அசைவுதான் தெரியும். அந்த அசைவை அவர் பிடித்துவிட்டார். பின்புலத்தின் இருட்டோ ஒரே பூச்சில் வந்ததல்ல. மெல்லியதாகப் பூசி, தேய்த்து, மறுபடி பூசியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சில இடங்களில் பனி விலகுவது போல அடி வண்ணம் எட்டிப் பார்க்கிறது.

இந்த ஓவியம் பிறந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 1961 மே மாதம், இனப் பாகுபாட்டை எதிர்த்து, பேருந்துகளில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து தெற்கு மாநிலங்களுக்குப் பயணம் போனார்கள். அலபாமாவில் அனிஸ்டன் ஊருக்கு வெளியே ஒரு பேருந்தை மறித்துத் தீ வைத்தது ஒரு கும்பல். அதற்கு அடுத்த வருடம் வரைந்தது இது.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மகள் கேட்டாள்: "அப்படியே வரைஞ்சிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்குமே சித்தி? நானே பட்டாசுன்னுதானே நினைச்சேன்?"

நல்ல கேள்வி. லூயிஸ் 1930-களில் அப்படியே வரைந்தவர்தான். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டுத் தெருவில் சாமான்களோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களையெல்லாம் வரைந்தார். அந்தப் படங்கள் யாரையும் அசைக்கவில்லை என்று பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். அநியாயத்துக்கு எதிராகப் போராட வேண்டுமானால் மறியலுக்குப் போ, ஊர்வலத்தில் நட. ஓவியத்துக்கு அதன் வேலை வேறு என்பது அவர் நிலை. அவர் நடக்கவும் செய்தார். 1963-இல், கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, ரொமேர் பியர்டன், ஹேல் வுட்ரஃப், ஆல்ஸ்டன் முதலானவர்களோடு சேர்ந்து 'ஸ்பைரல்' என்ற குழுவைத் தொடங்கினார். கறுப்பின ஓவியன் இந்தக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வாராவாரம் கூடி விவாதித்தவர்கள் அவர்கள்.

ஆனால் இந்தப் பதில் எனக்கே போதவில்லை. மகளிடம் சொன்னேன், அவள் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் நிறைவில்லை.

இன்னொன்று. அரூப ஓவிய இயக்கமான அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்றதும் போலாக், ரோத்கோ, டி கூனிங் என்று பெயர்கள் வரிசையாக வரும். நானும் அப்படித்தான் பாடம் எடுத்திருக்கிறேன். 1950 ஏப்ரலில் நியூயார்க்கில் 'ஸ்டுடியோ 35' என்ற இடத்தில் அந்த ஓவியர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே கறுப்பினத்தவர் லூயிஸ். அடுத்த ஜனவரியில் 'லைஃப்' பத்திரிகையில் வெளியான அந்த ஓவியர்களின் புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர் இல்லை. 1955-இல் பிட்ஸ்பர்கில் நடந்த கார்னெகி சர்வதேசக் கண்காட்சியில் அவருடைய 'மைக்ரேட்டிங் பேர்ட்ஸ்' பார்வையாளர்களின் ஓட்டில் பரிசு வாங்கியது. அப்படியும் பெரிய அருங்காட்சியகம் ஒன்று அவருடைய முழு வாழ்நாள் ஓவியங்களையும் திரட்டிக் காட்டியது 2015-இல்தான், ஃபிலடெல்ஃபியாவில். அவர் இறந்தது 1979. எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கிளம்பும் முன் இதே அருங்காட்சியகத்தில் சாம் கில்லியமின் 'ஏப்ரல் 4' என்ற ஓவியத்தையும் பார்த்தோம். 1968 ஏப்ரல் 4-இல் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுவருடம் கில்லியம் வரைந்தது இது. கிட்டத்தட்ட பதினைந்தடி அகலம், ஒன்பதடி உயரம். நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தைத் துணியில் ஊற்றி, ஈரத்தோடே மடித்துக் கசக்கிக் காயவிட்டு, பிறகு விரித்துச் சட்டத்தில் பூட்டுவது அவர் முறை. மடிப்பு விழுந்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஊதா நிறம் திரை மாதிரி பரவியிருக்க, மேலே சிவப்புச் சொட்டுகள். துவைத்தும் போகாத கறை உள்ள துணியைப் பார்ப்பது போல இருந்தது. இதற்கு மகள் குறிப்பைப் படிக்கவில்லை. தலைப்பே போதுமாக இருந்தது.

நான்காம் நாள், ஞாயிறு. வாஷிங்டன்

ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே நேரம் குறித்த சீட்டு எடுக்க வேண்டும். மகள் எடுத்து வைத்திருந்தாள். 2016-இல் திறந்தது. வெண்கல நிறத்தில், மேலே விரிந்த மூன்று கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது போல வெளித்தோற்றம். உள்ளே லிஃப்டில் பூமிக்குக் கீழே இறங்கி, அடிமைக் கப்பல் காலத்தில் தொடங்கி மேலே மேலே நடந்து வர வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை 1955-இல் மிசிசிப்பியில் அடித்துக் கொன்றார்கள். அவனை முதலில் அடக்கம் செய்த சவப்பெட்டி இங்கே இருக்கிறது. அந்த அறையில் யாரும் பேசவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பது மாதிரி.

வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்தபோதுதான் அவள் நேற்றுக் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தட்டியது. 1877-லிருந்து 1950 வரை தெற்கு மாநிலங்களில் 4,000-க்கும் அதிகமான கறுப்பர்களை இப்படிக் கும்பலாகக் கூடிக் கொன்றிருக்கிறார்கள். அந்தக் கொலைகளைப் புகைப்படம் எடுத்தவர்கள் உண்டு. அவற்றை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள், உறவுக்காரர்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் படங்களில் எல்லாம் தெளிவாகத் தெரியும். கூட்டத்தின் முகங்கள் தெரியும், தொப்பி தெரியும், சிரிப்பு தெரியும். ஏனென்றால் எடுத்தவன் கூட்டத்துக்குள் நின்று எடுத்தான். அவ்வளவு கிட்டே போய் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தவன், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் மட்டும்தான்.

லூயிஸின் ஓவியம் எங்கே நின்று பார்க்கிறது? தூரத்தில். ராத்திரியில். புகைக்கு அந்தப் பக்கம். முகங்கள் தெரியாத, ஆனால் வெள்ளைத் துணியும் தீயும் தெரிகிற தூரத்தில். ஒரு கறுப்பின மனிதர் அந்தக் காட்சியைப் பார்த்து உயிரோடு வீடு திரும்ப வேண்டுமென்றால் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், ஏதோ ஒரு மேட்டில், மரத்துக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு. 'தெளிவாக இல்லை' என்று நாங்கள் சொன்னது அந்த மனிதரின் கண்ணை. லூயிஸ் அப்படி நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. இது எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியபின் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

மகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அப்போ நாம நிக்கிற இடமும் அதுதானா?" என்றாள்.

மாலையில் யு தெருவும் 14-ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்குப் போனோம். கிங் கொல்லப்பட்ட செய்தி வந்த அன்று இரவு இந்த நகரத்தில் கலவரம் தொடங்கியது இந்த முனையிலிருந்துதான். நான்கு நாள் எரிந்தது. 13 பேர் இறந்தார்கள். 13,000-க்கும் அதிகமான படையினரை இறக்கினார்கள். கில்லியம் 1962-லிருந்தே இந்த நகரத்தில் வாழ்ந்தவர். அந்த ஊதாத் துணியை அவர் இந்தப் புகை நாற்றம் அடித்த ஊரில் இருந்துகொண்டுதான் விரித்திருக்கிறார். பக்கத்தில் 1958-லிருந்து நடக்கும் 'பென்ஸ் சில்லி போல்' உணவகம் கலவர நாட்களிலும் திறந்திருந்தது. இப்போது வாசலில் நீண்ட வரிசை. நாங்கள் நிற்கவில்லை, கால் வலி.

ஐந்தாம் நாள், திங்கள். வாஷிங்டன்

நாளை மதியம் விமானம். பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு இன்று தனியாக மறுபடி அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். மகளுக்கு அலுவலகம். காட்சி அறையில் பென்சில் மட்டும்தான் அனுமதி, பேனாவோ வண்ணமோ கூடாது. கையடக்க நோட்டைத் திறந்து பெஞ்சில் உட்கார்ந்து நகலெடுக்கத் தொடங்கினேன்.

முதல் தாள் வீண். நான் தீற்றல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். வேலியில் காயப்போட்ட துணி வரிசை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தாளில் பென்சிலைப் படுக்க வைத்து முதலில் தாள் முழுக்க இருட்டாக்கினேன். பிறகு ரப்பரின் முனையால் ஒரே தடவையாக அழுத்தி எடுத்தேன். ஒரு வெள்ளைத் தீற்றல் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்தால் அவர்கள் யாரோ இருவர். நெருக்கி வைத்தால் பேசிக்கொள்கிறார்கள். அந்த மனிதர் நூற்றுக்கணக்கான தடவை இந்த முடிவை எடுத்திருக்கிறார். எங்கே கூட வேண்டும், எங்கே சிதற வேண்டும், எங்கே ஒருவன் மட்டும் விலகி நிற்க வேண்டும் என்று. என் கை இருபது தீற்றலுக்கே நின்று நின்றுதான் போனது.

இரண்டு மணி நேரம் கழித்து நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பென்சிலில் சிவப்பு இல்லை, நீலம் இல்லை. கொடி போய்விட்டது, வாணவேடிக்கையும் போய்விட்டது. இருட்டில் ஒரு கூட்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ராத்திரி மகளிடம் காட்டினேன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் நோட்டைச் சாய்த்து நிறுத்திவிட்டு, எழுந்து, அடுப்படி வாசல் வரை பின்னால் நகர்ந்து போய் நின்று பார்த்தாள்.

"இங்கேருந்து தெரியுது சித்தி" என்றாள்.